நாலு விரக்கடை

— இவரும் வேணாம்டா. அடுத்த ஆளைக் காட்டு.

— அம்மா, இவர் மூணாவது ஆள். இவர்கிட்ட என்ன குறை கண்ட?

— குறைன்னு இல்ல. நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுறாரு. "தங்கள் உள்ளத்தில் உள்ளதை"ன்னுதான் ஆரம்பிக்கிறாரு. அவர்கிட்ட என் உள்ளத்துல உள்ளதைச் சொன்னா எழுத்துப்பிழை பார்ப்பாரு போலிருக்கு.

— முதல்ல பேசினவங்க ரொம்பச் சிரிக்கிறாங்கன்னு சொன்ன.

— ஆமா. அழப் போற இடத்துல அவ்வளவு பல்லு எதுக்கு?

— ரெண்டாவது ஆள் சிரிக்கவே இல்லையே.

— அவரோட மச்சினி என் கடைக்குத்தான் கோட்டுக்கு லைனிங் மாத்தக் கொண்டு வர்றா. நான் அவர்கிட்ட மூக்கைச் சிந்தினா, அடுத்த வாரம் அவ வந்து கைக்குட்டை வேணுமான்னு கேட்பா.

— அவங்கல்லாம் வெளிய சொல்ல மாட்டாங்கம்மா. அதுதான் அந்தத் தொழிலுக்கே சட்டம்.

— நானும்தான் யாரோட இடுப்பு எத்தனைன்னு வெளிய சொல்றதில்ல. ஆனா அந்த ஆளை ரோட்டுல பார்த்தா எனக்கு இடுப்பளவுதான் முதல்ல ஞாபகம் வருது. அவருக்கும் அப்படித்தான வரும்?

— எனக்குப் பொண்ணு பார்த்திருந்தாக்கூட நீ இவ்வளவு சலிச்சிருக்க மாட்ட.

— அவளை நீயே பார்த்துக் கூட்டிட்டு வந்துட்ட. என்கிட்ட எங்கடா கேட்ட? கையை எடு, துணி நகரணும்.

— மிஷினைக் கொஞ்சம் நிறுத்தேன். சாப்பாட்டு நேரத்தை விட்டுட்டு வந்திருக்கேன். ரெண்டரைக்கு நான் வேலைக்குத் திரும்பணும்.

— இந்தப் பேண்ட்டுக்காரர் நாலு மணிக்கு வந்து நிப்பாரு. நீ பேசு. காது சும்மாதான இருக்கு.

— தமிழும் இந்த ஊர் பாஷையும் தெரிஞ்ச மனநல கவுன்சிலர் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது. பட்டியல்ல ஒருத்தர் தமிழ்னு டிக் போட்டிருந்தாரு. ஃபோன் பண்ணினா "வணக்கம்" மட்டும்தான் தெரியுது. அவர் பொண்டாட்டிதான் தமிழாம்.

— பாவம், வீட்டுல அவரைப் பேச விட்டிருக்க மாட்டா.

— இன்னொருத்தங்க எட்டு மாசம் காத்திருக்கணும்னாங்க.

— எட்டு மாசமா? அதுக்குள்ள உன் குழந்தை எழுந்து உக்காந்துடும்.

— அதான் சொல்றேன். பிரசவத்துக்கு இன்னும் ஏழே வாரம்.

— உன் பொண்டாட்டி வயித்தைப் பார்த்தா எனக்கு அஞ்சுன்னு தோணுது.

— போன வாரம் அவளைச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி வாசல் கதவு தானா திறந்துச்சு. அவ உள்ள போயிட்டா. நான் போகல.

— நீ கார் நிறுத்தப் போயிருந்தன்னுல்ல அவ சொன்னா.

— நிறுத்திட்டுத்தான் வந்தேன். கால் நகரல. வேர்த்து ஊத்துச்சு. அப்படியே சுவர் ஓரமா உக்காந்துட்டேன். யாரோ ஒருத்தர் என்னை நோயாளின்னு நெனைச்சு சக்கர நாற்காலி கொண்டு வந்துட்டாரு.

— உக்காந்தியா அதுல?

— அம்மா.

— சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்டா.

— வேலையிலயும் இதே கதைதான். ஆஸ்பத்திரி லிஃப்ட் ரிப்பேர்னு வந்தா வேற மெக்கானிக்குக்கு மாத்தி விட்டுடுவேன். பதினோரு வருஷமா இப்படியே ஓட்டிட்டேன். போன மாசம் சூப்பர்வைசர் கண்டுபிடிச்சுட்டாரு. "முப்பது மாடிக் குழிக்குள்ள தலையை விட்டுப் பார்க்கிற, அதுக்கெல்லாம் பயம் இல்ல, இது என்னப்பா"ன்னு கேட்டாரு.

— என்ன சொன்ன?

— மருந்து வாசனை ஒத்துக்காதுன்னு சொன்னேன்.

— பொய்.

— பொய்தான். ஆனா அவளுக்கு வலி வர்ற அன்னைக்கு நான் வாசல்ல உக்காந்திருக்க முடியாதும்மா. கூட இருக்கணும், கையைப் பிடிச்சுக்கணும். அதுக்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

— ஏற்கெனவே ஒரு கவுன்சிலர் அம்மாகிட்ட போறியே. இந்த ஊர்க்காரங்க. தங்கமானவங்கன்னு சொன்னியே.

— தங்கம்தான். அஞ்சு தடவை போனேன். அப்பா இறந்து போன அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்தது நானும் நீயும்தான், அதனால உன்னையும் கூட்டிட்டு வந்தா நல்லதுன்னு சொன்னாங்க.

— நான்தான் வர்றேன்னு சொல்லிட்டேனே. கடையை மூடிட்டு வர்றேன்னு சொன்னேன்.

— சொன்ன. ஆனா உனக்கு இந்த ஊர் பாஷை கடைக்கு வேண்டிய அளவுதான். நீ சொல்றதை அவங்களுக்கு நான் சொல்லணும். அவங்க சொல்றதை உனக்கு நான் சொல்லணும்.

— எப்பவும் அப்படித்தான? பேங்க்ல, வீட்டுக்காரர்கிட்ட, பல் டாக்டர்கிட்ட எல்லாம் நீதான பேசுற. உன்னை விட்டா எனக்கு வாய் ஏது?

— அதான் வேணாங்கிறேன். இந்த ஒரு விஷயத்துல என்னால நடுவுல நிக்க முடியாது.

— நடுவுல நிக்காம எங்க நிப்ப?

— உன் எதிர்ல. உன் பிள்ளையா.

— பேச்செல்லாம் பலமா இருக்கு. அந்த அம்மா சொல்லிக் குடுத்ததா?

— ஆமா.

— அதான பார்த்தேன். உனக்கா வராதேன்னு.

— ஒண்ணு கேட்கிறேன், பதில் சொல்லு. தமிழ் தெரிஞ்ச மூணு பேரையும் வேணாங்கிற. தமிழே தெரியாத அந்தம்மாகிட்ட மட்டும் கடையை மூடிட்டு வர்றேங்கிற. ஏன்?

— அந்தக் குண்டூசி டப்பாவை எடு.

— அம்மா.

— எடுடா முதல்ல. அந்தம்மான்னா, நான் ஏதாவது ஏடாகூடமா உளறினாக்கூட நீ பதமா மாத்திச் சொல்லிடுவ. வேண்டாததை விட்டுடுவ. தமிழ் தெரிஞ்சவங்கன்னா நான் சொன்னது சொன்னபடியே நடு வீட்டுல கிடக்கும். யார் எடுக்கிறது அதை?

— அப்படி என்ன சொல்லப் போற?

— எனக்கெப்படித் தெரியும்? இன்னும் சொல்லலையே.

— சரி. ஒன்றரைக்கு நாலாவது ஆள்கிட்ட பேசறதா சொல்லியிருக்கேன். வீடியோ கால். முதல் பதினைஞ்சு நிமிஷம் இலவசம்.

— தலையணை விக்கிறவன்கூட அப்படித்தான் ஆரம்பிக்கிறான்.

— இதான் கடைசி. இவங்களும் பிடிக்கலன்னா விட்டுடறேன். ஃபோனை எங்க வைக்கட்டும்?

— நூல்கண்டு டப்பா மேல சாய்ச்சு வை. என் மூஞ்சி தெரிய வேணாம், மிஷின் தெரிஞ்சா போதும்.

— கதவுல "மூடியிருக்கு" பலகையைத் திருப்பி வைச்சிருக்கேன்.

— பட்டப்பகல்ல கடையை மூடிட்டான். நாலு பேர் என்ன நெனைப்பாங்க?

— நீ சாப்பிடப் போயிருக்கன்னு நெனைப்பாங்க. ஷ்ஷ், வந்துட்டாங்க.

— வணக்கம். என் குரல் கேட்குதா? நீங்கதான் அம்மாவா?

— நான்தான். பக்கத்துல நிக்கிறது மகன். நீங்க இந்த ஊர்லயே பொறந்தவங்களா?

— ஆமாங்க. தமிழ் எங்கம்மாகிட்ட கத்துக்கிட்டது. சில வார்த்தை எனக்குத் தெரியாது. தெரியலன்னா நிறுத்திக் கேட்பேன். பரவாயில்லையா?

— தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒருத்தராவது வந்தீங்களே. இதுக்கு முன்னாடி பேசின மூணு பேருக்கும் எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு.

— அம்மா, கொஞ்சம் மெதுவா.

— அவங்க சொல்லட்டும், எனக்குக் கேட்க நல்லாத்தான் இருக்கு. என்ன தைச்சிட்டிருக்கீங்கம்மா?

— ஒருத்தரோட பேண்ட். ஆள் மெலிஞ்சுட்டாரு. இடுப்புல ரெண்டு விரக்கடை பிடிக்கணும்.

— விரக்கடைன்னா?

— விரல் அகலம்மா. இப்படி விரலைப் படுக்க வைச்சா ஒரு விரக்கடை. டேப் கையில இல்லாதப்ப இதுதான் அளவு.

— அப்ப நாலு விரலையும் வைச்சா நாலு விரக்கடையா?

— கணக்கு சரிதான். ஆனா நாலு விரக்கடை பிடிக்கிற அளவுக்கு ஒருத்தர் இறங்கிட்டாருன்னா அவர் பேண்ட் போட்டுக்கிட்டு நடமாட மாட்டாரு. படுக்கையில இருப்பாரு.

— எழுதி வைச்சுக்கிறேன். நீங்க என்கிட்ட ஏதாவது கேட்கணுமா?

— நிறைய இருக்கு. நீங்க மருந்து குடுப்பீங்களா?

— இல்ல.

— ஊசி?

— ஊசி உங்ககிட்டத்தான இருக்கு.

— வாய் இருக்கு இந்தப் பொண்ணுக்கு. கேட்டியாடா? அப்ப நீ என்னதான் பண்ணுவ? மன்னிச்சுக்கோங்க, பண்ணுவீங்க?

— நீன்னே சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். எந்த இடத்துல பேச்சை நிறுத்துறீங்கன்னு பார்ப்பேன்.

— பேசினதை விட்டுட்டு நிறுத்தினதைப் பார்ப்பியா?

— ரெண்டையும்.

— நாள் பூரா இப்படி ஊர்ப்பட்ட அழுகையைக் கேட்டா உனக்குத் தலை வலிக்காதா? நீ யார்கிட்ட போய்ச் சொல்லுவ?

— எனக்கும் ஒருத்தங்க இருக்காங்க. மாசம் ஒரு தடவை போவேன்.

— அவங்க யார்கிட்ட போவாங்க?

— அம்மா, பதினைஞ்சு நிமிஷம்தான்.

— இருடா, எனக்குத் தெரிஞ்சாகணும். சரி, அதை விடு. இவன் இல்லாதப்ப நான் உன்கிட்ட ஏதாவது சொன்னா, அதை இவன்கிட்ட சொல்லிடுவியா?

— நீங்க சொல்லச் சொன்னாத்தான் சொல்வேன்.

— சரி. ரெண்டு பேரும் ஒண்ணா வந்தா எப்படி? நான் தமிழ்ல பேசுவேன். இவன் கோபம் வந்தா இந்த ஊர் பாஷைக்குத் தாவிடுவான். பொண்டாட்டிகூடச் சண்டையே அதுலதான். அப்ப இவன் பேசுறதை எனக்கு யார் சொல்லுவா?

— நான் சொல்வேன். அவர் சொன்னபடியே, கூட்டாம குறைக்காம.

— குறைக்காமலா?

— குறைக்காம.

— என்னைத் திட்டினாக்கூட?

— திட்டினா திட்டினபடி.

— இவன் அப்படி இல்லம்மா. குறைச்சுத்தான் சொல்லுவான். பொடியனா இருந்தப்பலேர்ந்தே அப்படித்தான்.

— நான் என்னத்தைக் குறைச்சேன்?

— ரெண்டாங்கிளாஸ் டீச்சர். ஏம்மா, நீ கேளு இந்தக் கதையை. இவனுக்கு ஏழு வயசு. ஸ்கூலுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினாங்க. அந்த டீச்சர் அரை மணி நேரம் விடாம பேசினாங்க, நோட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டினாங்க. என்ன சொல்றாங்கன்னு இவனைக் கேட்டா, "நான் நல்லாப் படிக்கிறேனாம், கையெழுத்து அழகா இருக்காம்"னு சொல்றான்.

— அது சின்ன வயசும்மா.

— கையெழுத்து அழகா இருக்குன்னு ஒருத்தி மேஜையைத் தட்டியா சொல்லுவா? நான் ஈன்னு சிரிச்சு, நன்றி சொல்லிட்டு வந்தேன். அந்த டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே.

— இரு, இரு. உனக்கு அப்பவே தெரியுமா?

— தெரியாம என்ன?

— இருபத்தேழு வருஷமா என்கிட்ட சொல்லவே இல்லையே.

— கேட்டிருந்தா அடுத்த தடவை நீ கூட வந்திருக்க மாட்ட. உன்னை விட்டா எனக்கு யார் இருந்தா? அதோட, உன்னை யாரோ புகழ்ற மாதிரி கேட்கவும் நல்லாத்தான் இருந்துச்சு.

— அம்மா, எனக்கு ஒரு சந்தேகம். பாஷை புரியாம எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— பாஷை புரியாதவ வேற என்னம்மா பண்ணுவா? மூஞ்சியைத்தான் பார்க்கணும், கையைப் பார்க்கணும். எப்ப எழுந்திருக்கிறாங்க, எப்ப உக்காருறாங்கன்னு பார்க்கணும். நீங்கல்லாம் வார்த்தையைக் கேட்டுக்கிட்டே இருக்கிறதால மத்ததைப் பார்க்கிறதே இல்ல.

— இதையும் எழுதி வைச்சுக்கிறேன். நீங்க ஏன் அமைதியாயிட்டீங்க? மகனைத்தான் கேட்கிறேன்.

— ஒண்ணுமில்ல மேடம்.

— பார்த்தியா, நிறுத்தின இடத்தைப் பிடிச்சுட்டா. பதில் சொல்லுடா.

— மேடம், அம்மாகிட்ட நான் ஒண்ணு சொல்லணும். இப்பவே சொல்லிடட்டுமா?

— இன்னும் ஆறு நிமிஷம்தான் இருக்கு. இது அறிமுகப் பேச்சு. பெரிய விஷயம்னா நேர்ல வந்து, நிதானமா பேசறது நல்லது.

— நேர்ல வர்ற வரைக்கும் தள்ளிப் போட்டா திரும்ப வாய் அடைச்சுக்கும். டீச்சர் விஷயம் அம்மாவுக்குத் தெரியும்னு கேட்டதுக்கு அப்புறம் இதை உள்ள வைச்சுக்கிட்டிருக்க முடியல.

— அம்மாவுக்குச் சம்மதமா?

— மிஷினை நிறுத்திட்டேன். சொல்லட்டும்.

— அம்மா, அப்பா இருந்த ஆஸ்பத்திரி. கடைசி நாள் மத்தியானம். டாக்டர் வந்து நம்மகிட்ட பேசினாரு.

— ம்.

— எனக்கு ஒன்பது வயசு. அவர் பேசினதை நான்தான் உனக்குச் சொன்னேன். என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?

— "ரெண்டு நாள்ல அப்பா வீட்டுக்கு வந்துடுவாரு"ன்னு சொன்ன.

— டாக்டர் அப்படிச் சொல்லலம்மா.

— ம்.

— ரெண்டு நாள்கூடத் தாங்காதுன்னு சொன்னாரு. அம்மாவைப் பக்கத்துலயே இருக்கச் சொல்லுன்னு சொன்னாரு. நான் அந்த ரெண்டு நாளை மட்டும் வைச்சுக்கிட்டு மிச்சத்தை மாத்திட்டேன். தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். உன் மூஞ்சியைப் பார்த்துட்டு என்னால சொல்ல முடியல.

— அழாம சொல்லு.

— நான் சொன்னதை நம்பித்தான் நீ வீட்டுக்குப் போன. "அப்பா ரொம்ப மெலிஞ்சுட்டாரு, பேண்ட் இடுப்புல நிக்காது, பிடிச்சுத் தைச்சு எடுத்துட்டு வர்றேன், நீ கூட இரு"ன்னு சொல்லிட்டுப் போன. நீ போன ரெண்டாவது மணி நேரம் அவர் போயிட்டாரு. நான் மட்டும்தான் இருந்தேன். உனக்குச் சொல்லணும்னு வாசல் கதவுகிட்ட போய் உக்காந்திருந்தேன். சாயங்காலம் அந்தக் கதவு தானா திறந்துச்சு. நீ வந்த. உன் கையில அந்தப் பேண்ட், இஸ்திரி போட்டு மடிச்சு.

— மெதுவா சொல்லுங்க. நேரத்தைப் பத்தி யோசிக்க வேணாம்.

— கடைசியா அவர் பக்கத்துல நீ இல்லாம போனதுக்கு நான்தான் காரணம். எந்த ஆஸ்பத்திரிக் கதவு திறந்தாலும் நீ அந்தப் பேண்ட்டோட வர்ற மாதிரியே இருக்கு. இதை உனக்குச் சொல்லத்தான் ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆளைத் தேடித் திரிஞ்சேன். அவங்க கேட்டு, அவங்க உனக்குச் சொல்லிடுவாங்கன்னு நெனைச்சேன். கடைசியில நானே சொல்லிட்டேன்.

— அம்மா? இருக்கீங்களா? எனக்கு மிஷின் மட்டும்தான் தெரியுது.

— இருக்கேன்.

— நீங்க இப்பவே எதுவும் சொல்லணும்னு இல்ல.

— இரும்மா. நீ குறைக்காம சொல்லுவேன்னு சொன்னல்ல? நானும் குறைக்காம சொல்றேன். அந்தத் தண்ணி பாட்டிலை எடுடா.

— இந்தா.

— அந்த டாக்டர் தினமும் வருவாரு. கட்டில் பக்கத்துல நின்னபடியே ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடுவாரு. அன்னைக்கு மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி உன் தோள்ல கையை வைச்சாரு. வீட்டுக்கு அனுப்பப் போற டாக்டர் எதுக்குடா உக்காரணும்?

— அம்மா.

— நீ என் பக்கம் திரும்பி "ரெண்டு நாள்ல வீட்டுக்கு"ன்னு சொன்னப்ப உன் உதடு நடுங்குச்சு. டீச்சர் விஷயத்துல நீ பொய் சொன்ன அன்னைக்கு நடுங்கவே இல்ல.

— தெரியுமா உனக்கு?

— தெரியும்.

— தெரிஞ்சுமா போன?

— தெரிஞ்சுதான் போனேன். யார் முன்னாடியும் தமிழ்ல சொல்லிடக் கூடாதுன்னு இருந்தது இதைத்தான். நின்னு பார்க்க எனக்குத் தைரியம் இல்லடா. நீ ஒரு பொய்யைக் குடுத்த, நான் அதைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்துட்டேன். ஒன்பது வயசுப் பிள்ளையைத் தனியா உக்கார வைச்சுட்டு வந்துட்டேன். ஆஸ்பத்திரிக் கதவைப் பார்த்து நடுங்க வேண்டியவ நான். நீ இல்ல.

— பதினைஞ்சு நிமிஷம் முடிஞ்சுது. ஆனா நான் எங்கயும் போகல. பேசுங்க.

— எனக்கு ஒண்ணு மட்டும் புரியலம்மா. அவர் வீட்டுக்கு வரப் போறதில்லன்னு உனக்குத் தெரியும். அப்புறம் எதுக்கு மத்தியானம் முழுக்க உக்காந்து அந்தப் பேண்ட்டைத் தைச்ச?

— அவரைக் கடைசியா அனுப்புறப்ப போட்டு விடத்தான்டா. நாலு விரக்கடை பிடிச்சேன், இடுப்புல கச்சிதமா நின்னுச்சு.